விக்டரி கப்பலைக் கட்டியவர் யார்?

வணக்கம். கட்டுரைக்காகப் பார்த்த மூன்று நூல்களில் 'விக்டரி' போர்க்கப்பலைக் கட்டியவர் தாமஸ் ஸ்லேட், ஜான் லாக், எட்வர்ட் ஆலின் என்று ஆளுக்கொரு பெயர் இருக்கிறது, எது பிழை என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் சரிதான்.

ஸ்லேட் அப்போது பிரிட்டிஷ் கடற்படையின் சர்வேயர். நம் ஊரில் நிலம் அளக்க வருகிற சர்வேயர் அல்ல. கப்பல்களின் வரைபடம் போடும் பதவி அது. மரத்தை அறுத்துக் கப்பலாக்கும் பொறுப்பு அந்தந்தக் கப்பல் கட்டும் தளத்தின் தலைமைக் கப்பல் தச்சருடையது. இங்கிலாந்தின் சாத்தம் தளத்தில் 1759-இல் விக்டரிக்கு ஏரா, அதாவது கப்பலின் அடிமரம், வைத்தபோது அந்தப் பதவியில் இருந்தவர் லாக். அவர் 1762-இல் இறந்துவிட, ஆலின் வேலையை முடித்தார். 1765 மே மாதம் கப்பல் நீரில் இறங்கியது. ஆறு ஆண்டு வேலையில் தச்சர் மாறியதில் வியப்பில்லை.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு பதவிகளும் பெரும்பாலும் ஒரே ஏணியின் படிகள். ஸ்லேடே முன்பு தலைமைத் தச்சராக இருந்தவர்தான். பின்னாளில் வந்த ராபர்ட் செப்பிங்ஸைப் பாருங்கள்: பிளிமத் தளத்தில் தொழில் பழகச் சேர்ந்தது 1782-இல். சாத்தத்தின் தலைமைத் தச்சரானது 1804-இல். சர்வேயர் ஆனது 1813-இல். உளி பிடித்த கைக்கு வரைபலகை வந்து சேர முப்பது ஆண்டு!

உங்கள் கட்டுரையில் 'வடிவமைப்பு ஸ்லேட்; கட்டுமானம் லாக், பிறகு ஆலின்' என்று எழுதிவிடுங்கள்.