வாசகர் கேள்வி பதில்: ‘கேஸ் முடிந்துவிட்டது’ என்கிறார்களே?

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த நான்கு கடிதங்கள், ஏர்கோன், வாட்டர் ஹீட்டர் வேலைக்கு யாரை நம்புவது என்ற ஏறக்குறைய ஒரே விஷயத்தைக் கேட்பதால், இந்த இதழில் அவற்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம். பனி பெய்யும் நாடுகளில் வீட்டைச் சூடாக்கவும் ஓர் இயந்திரம் வேண்டும். நமக்குச் சூடு என்பது குளியலறைச் சுடுநீரோடு நின்றுவிடுகிறது. மற்றதெல்லாம் ஏர்கோன் கவலைதான்.

கேள்வி: என் கணவர் முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றபின், தாமானில் சிறிய வீடு வாங்கிக் குடியேறினோம். பிள்ளைகள் சேர்ந்து, என் மாமியாரின் அறைக்கு ஓர் ஏர்கோன் பொருத்தித் தந்தார்கள். ஓராண்டு நன்றாக ஓடியது. பிறகு குளிர்ச்சி குறைந்து, உள்ளே இருக்கும் பெட்டியிலிருந்து தண்ணீரும் சொட்டத் தொடங்கியது. கடைத்தெருத் தூணில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து ஒருவரை அழைத்தோம். வந்த தம்பி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “கேஸ் முடிந்துவிட்டது” என்று நிரப்பி, 150 வெள்ளி வாங்கிக்கொண்டு போனார். நான்கு மாதத்தில் பழைய கதைதான். மறுபடியும் அவரே வந்தார். மறுபடியும் கேஸ், மறுபடியும் 150 வெள்ளி. ரசீது கேட்டால் சிரிக்கிறார். இந்தச் சிற்றூரில் நம்பத்தகுந்த ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஒரு வாசகி

பதில்: அம்மா, ஏர்கோனில் இருக்கும் கேஸ், அடுப்பு கேஸைப்போல் எரிந்து தீர்வதில்லை. மூடிய செப்புக் குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது; அறைக்குள் வெப்பத்தை வாங்கிக்கொண்டு போய், வெளியில் இருக்கும் பெட்டியில் இறக்கிவிட்டுத் திரும்புகிறது. பத்து ஆண்டு ஓடினாலும் அதன் எடை குறையக் காரணம் இல்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். அந்த இடத்தைத் தேடாமல் நிரப்பிவிட்டுப் போனவர், நான்கு மாதம் கழித்து நீங்கள் அழைப்பீர்கள் என்று தெரிந்தே போயிருக்கிறார், அல்லது அவருக்குத் தொழில் தெரியவில்லை. பால்மரம் வெட்டிய காலத்தில் ஓட்டை வாளியை அடைக்காமல் யாரும் மறுநாள் காட்டுக்குப் போனதில்லை, இதுவும் அப்படித்தான்.

அதோடு, தண்ணீர் சொட்டுவதற்குக் கேஸ் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. வடிகால் குழாயில் பாசியும் தூசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பின்னுக்கு வந்து சொட்டும். வடிகட்டியும் உட்புறத் தகடுகளும் அழுக்கேறிக் காற்று போகாமல் நின்றால், தகட்டின்மேல் பனி உறைந்து, இயந்திரத்தை நிறுத்தும்போது உருகி வழியும். கேஸ் குறைந்தாலும் அதே பனி, அதே சொட்டு. செம்மண் சாலையோரத்து வீடுகளில் முதல் இரண்டும் மிகச் சாதாரணம். ஒரே அறிகுறிக்கு மூன்று காரணங்கள் இருக்கும்போது, ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன்.

தொழில் தெரிந்தவர் என்ன செய்வார் என்று சொல்கிறேன். பக்கத்தில் நின்று பாருங்கள், அதில் தவறில்லை. முதலில் வடிகட்டியைக் கழற்றிப் பார்ப்பார், வடிகாலில் தண்ணீர் ஊற்றிப் போகிறதா என்று சோதிப்பார். வெளிப்பெட்டிக்குப் போகும் கம்பியில் கிளாம்ப் மீட்டரை மாட்டி, ஓடும் மின்சாரத்தை அளந்து, பெட்டியின்மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் எழுதியுள்ள ஆம்பியரோடு ஒப்பிடுவார். பிறகுதான் கேஸின் அழுத்தத்தைப் பார்ப்பார். குறைவாக இருந்தால், செப்புக் குழாயின் நுனியைப் புனல்போல் விரித்து நட்டு போட்டு இறுக்கியிருக்கும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று தேடுவார். வீட்டு ஏர்கோன்களில் பெரும்பாலான கசிவு அங்கேதான் இருக்கும், எண்ணெய்க் கறை படிந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். கசிவை அடைத்தபின், வேக்குவம் பம்பை மாட்டி, குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி வெளியேற்றுவார். அதன் பிறகு, தகட்டில் எழுதியிருக்கும் அளவுக்கு, தராசில் வைத்து எடைபோட்டுக் கேஸை ஏற்றுவார். தராசும் பம்பும் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் ஒரு சிறிய சிலிண்டரோடு மட்டும் வருகிறவரால் இந்த வேலையை முழுமையாகச் செய்ய முடியாது.

கேஸின் வகையையும் நீங்களே அதே தகட்டில் படித்துக்கொள்ளலாம். பழைய இயந்திரங்களில் ஆர்-22 இருந்தது. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 2015 முதல் நம் நாட்டில் அந்தக் கேஸில் ஓடும் சிறிய ஏர்கோன்களைப் புதிதாகத் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ அனுமதி இல்லை. எனவே உங்களுடையது பெரும்பாலும் ஆர்-32 அல்லது ஆர்-410ஏ ஆக இருக்கும். ஆர்-410ஏ, ஆர்-22ஐப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் வேலை செய்கிறது. ஆர்-32 சிறிதளவு தீப்பற்றக்கூடியது. ஒன்றில் மற்றொன்றை ஊற்றுவது, கலப்பது எல்லாம் கம்ப்ரஸரின் ஆயுளைக் குறைக்கும் வேலை. “எல்லாம் ஒரே கேஸ்தான் அக்கா” என்று சொல்கிறவரை வாசலிலிருந்தே அனுப்பிவிடுங்கள்.

ஆளைத் தேடும் வழிக்கு வருகிறேன். தூணில் ஒட்டிய எண்ணையும், முகநூலில் வரும் விளம்பரத்தையும் விட, ஏர்கோன் நின்றால் தொழிலே நின்றுவிடும் இடங்களில் போய்க் கேளுங்கள். மருந்தகத்தில் மருந்துகளைப் பெரும்பாலும் 25 பாகைக்குக் கீழே வைக்க வேண்டும். கிளினிக், முடிதிருத்தும் கடை, கணினி அறை வைத்திருக்கும் தமிழ்ப்பள்ளி ஆகியவையும் அப்படித்தான். அவர்கள் ஒருவரை ஒரு முறை அல்ல, ஆண்டுக்கணக்காக அழைத்திருப்பார்கள். பள்ளியானால் ரசீது இல்லாமல் பணமும் தந்திருக்க மாட்டார்கள். “யாரை அழைத்தீர்கள்?” என்று மட்டும் கேட்காமல், “அவரையே இரண்டாம் முறையும் அழைத்தீர்களா, ஏன்?” என்று கேளுங்கள். ஹார்ட்வேர் கடைக்காரரும் நல்ல சாட்சி; செப்புக் குழாயும் நட்டும் யார் தவறாமல் வாங்குகிறார், யார் டேப்பை மட்டும் வாங்கிச் சமாளிக்கிறார் என்பது அவருக்குத் தெரியும்.

நம் பிள்ளைகளில் பலர் தொழிற்பயிற்சி நிலையங்களில் குளிர்சாதனத் துறையில் எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழ் பெற்றிருக்கிறார்கள். குளிர்வாயுவைக் கையாளும் தொழிலாளர்களுக்குச் சுற்றுச்சூழல் துறையும் தனியாகச் சான்று வழங்குகிறது. சான்றிதழைக் காட்டச் சொல்வது அவமதிப்பு ஆகாது. உண்மையில் படித்தவர் அதைக் கைப்பேசியிலேயே வைத்திருப்பார், கேட்டால் மகிழ்ச்சியோடு காட்டுவார்.

கேள்வி: என் தந்தை கட்டிய பழைய பலகை வீட்டில், குளியலறைக்கு மட்டும் கல் சுவர் எழுப்பி, வாட்டர் ஹீட்டர் போட்டோம். ஏர்கோன் பார்க்க வந்தவரே அதையும் பொருத்தி, பக்கத்து அறைப் பிளக்கில் செருகிவிட்டார். சில நாட்களாக, குளிக்கும்போது குழாயைத் தொட்டால் ‘சுருக்’ என்கிறது. அவரையே கூப்பிடலாமா?
— ஒரு வாசகர்

பதில்: கூப்பிட வேண்டாம். இதைப் படித்த உடனே அந்தச் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, சரிசெய்யும் வரையில் அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளியுங்கள். ‘சுருக்’ என்பது சிறிய தொந்தரவு அல்ல. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் உடம்பின் வழியாக மின்சாரம் போகிறது என்பதற்கான முதல் எச்சரிக்கை.

கணக்கைப் பாருங்கள். 3,600 வாட் ஹீட்டர், 230 வோல்ட்டில் ஏறக்குறைய 15.6 ஆம்பியர் இழுக்கும். நம் சுவர்ப் பிளக்கோ 13 ஆம்பியருக்குச் செய்தது. எனவே ஹீட்டருக்கு மின்பலகையிலிருந்து நேராக வரும் தனிக் கம்பியும் அதற்குரிய சுவிட்சும் வேண்டும். அடுத்து எர்த்துக் கம்பி. பழைய வீடுகளில் அது துருப்பிடித்து அறுந்திருக்கும், சில இடங்களில் தரைக்குள் அடித்த தண்டே காணாமல் போயிருக்கும். அது சரியாக இருந்தால், கசியும் மின்சாரம் உங்கள் கையைத் தேடுவதற்கு முன் அந்தக் கம்பியில் இறங்கி, மின்கசிவுத் துண்டிப்பானைத் தட்டிவிடும். 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகள், தரை ஈரமாக இருக்கும் இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் கருவி வேண்டும் என்கின்றன. வீட்டு முகப்பில் இருக்கும் பொதுவான துண்டிப்பான் அவ்வளவு நுட்பமாக இராது. பழைய வீடானால் அது வேலை செய்கிறதா என்பதே சந்தேகம். மாதம் ஒரு முறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், விழவில்லை என்றால் மாற்ற வேண்டும்.

ஏர்கோன் தொழிலும் வயரிங் தொழிலும் வேறு. கம்பி இழுப்பதற்கு, எரிசக்தி ஆணையத்தில், அதாவது சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிந்த வயர்மேனையே அழையுங்கள். மலாயில் ‘பெண்டாவாய்’ என்பார்கள். அவரிடம் தகுதிச் சான்று இருக்கும். வேலை முடிந்ததும் எர்த்தை மீட்டர் வைத்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். நான் எண்ணெய் ஆலையில் மின்பிரிவில் இருந்தவன். ‘சுருக்’ என்றதைச் சிரித்து ஒதுக்கிய வீட்டில் பிறகு நடந்ததைப் பார்த்திருக்கிறேன். அதை இங்கே எழுத மனம் வரவில்லை.

கேள்வி: புதிய ஏர்கோன் வாங்கப் போகிறோம். ஈப்போவில் இருக்கும் நிறுவனச் சேவை மையத்தை நம்புவதா, உள்ளூர் ஆளை நம்புவதா?
— ஒரு வாசகி

பதில்: உத்தரவாதம் இருக்கும் வரையில் நிறுவனத்தையே அழையுங்கள்; இடையில் வேறொருவர் திறந்தால், அதைக் காரணம் காட்டி உத்தரவாதத்தை மறுக்க இடம் கிடைக்கும். உத்தரவாத அட்டையில் கம்ப்ரஸருக்கு ஒரு காலமும் மற்றப் பாகங்களுக்கு வேறொரு காலமும் எழுதியிருக்கும், தனித்தனியாகப் படித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு, நல்ல உள்ளூர்க்காரர் கிடைத்தால் அவரே மேல் என்பது என் கருத்து. ஈப்போவிலிருந்து வருகிறவர் பயணச் செலவையும் சேர்த்துக் கேட்பார், நாளும் தள்ளிப்போகும். உள்ளூர்க்காரரோ நாளை கோயிலில் உங்கள் முகத்தில் விழித்தாக வேண்டும்.

ஆனால் இயந்திரத்தைவிடப் பொருத்தும் வேலைதான் முக்கியம். மேலே சொன்ன கசிவுகள் பெரும்பாலும் பொருத்திய நாளிலேயே தொடங்குகின்றன. பொருத்தும்போது வேக்குவம் பம்ப் ஓடியதா என்று பாருங்கள். சாதாரணப் படுக்கையறைக்கு ஒரு குதிரைத்திறன், அதாவது ஏறக்குறைய 9,000 பி.டி.யு., போதும். உட்கூரை இல்லாத தகரக் கூரை வீடானால் முதலில் கூரைக்கு ஏதாவது செய்துவிட்டு ஏர்கோன் வாங்குங்கள்.

கேள்வி: முன்பணமாக 400 வெள்ளி வாங்கியவர் கைப்பேசியை எடுப்பதே இல்லை. இவ்வளவு சிறிய தொகைக்கு வழக்கறிஞரிடம் போக முடியுமா?
— ஒரு வாசகர்

பதில்: போக வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இதற்காகவே இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையில் கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். பொதுவாக இரு தரப்பிலும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, நீங்களே பேசலாம். தீர்ப்பை 14 நாட்களுக்குள் நிறைவேற்றாமல் இருப்பது குற்றம். சேவையை நியாயமான திறமையோடும் கவனத்தோடும் செய்ய வேண்டும் என்று அதே சட்டம் சொல்வதால், ஒழுங்காகச் செய்யாத வேலைக்கும் மனுப் போடலாம். முதல் கடிதம் எழுதிய அம்மாவும் இதைக் கவனிக்கலாம்.

சிக்கல் ஒன்றுதான்: மனுவில் எதிராளியின் பெயரும் முகவரியும் எழுத வேண்டும். தூணில் இருந்த எண்ணைத் தவிர வேறு எதுவும் தெரியாமல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அங்கேயே நின்றுவிடுவோம். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், அவர் வந்த வண்டியின் எண் யாருக்காவது நினைவிருந்தால் எழுதி வையுங்கள். வங்கி வழியாகவோ டூயிட்நவ் வழியாகவோ அனுப்பியிருந்தால், பணம் பெற்றவரின் பெயர் அந்தப் பதிவிலேயே இருக்கும்; அதை அச்செடுத்துக்கொண்டு, உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சின் அலுவலகத்துக்குப் போய் மனுவுக்கான முதல் பாரத்தைக் கேளுங்கள்.