லினக்ஸுக்கு மாறலாமா? வாசகர் கேள்வி – பதில்

ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், சாதாரண ஹார்டு டிஸ்க் உள்ள லேப்டாப் என்னுடையது. விண்டோஸ் 11 ஏறாது என்கிறது. லினக்ஸ் போட்டால் தாங்குமா? எந்த லினக்ஸ்?
– பள்ளி ஆசிரியை, ஈரோடு

தாங்கும், நன்றாகவே ஓடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும், கூடவே டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்) என்று விண்டோஸ் 11 கேட்கிறது. உங்களுடையது ஒரு படியில் தவறிவிட்டது, அவ்வளவுதான்.

லினக்ஸின் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22 வரிசையில் சின்னமன் பதிப்பை எடுங்கள். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடித்தளமாகக் கொண்டது. 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். ராம் 4 ஜிபிதான் என்பவர்களுக்கு எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. ஆனால் கையில் கொஞ்சம் பணம் இருந்தால் முதலில் ஒரு எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்கைவிட வேகமான சேமிப்பகம்) வாங்கிப் போடுங்கள். "லினக்ஸ் போட்டதும் லேப்டாப் பறக்கிறது" என்று சொல்பவர்களில் பாதிப்பேர் அதே நாளில் எஸ்எஸ்டியும் மாற்றியவர்கள்.

நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். 8 ஜிபி பென்டிரைவ் போதும்; ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற மென்பொருள் கொண்டு மின்ட்டின் ஃபைலை எழுதும்போது அதில் இருப்பதெல்லாம் அழியும். எதிலிருந்து துவங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கு டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. உள்ளே போனதும் வைஃபை, ஒலி, கேமரா, வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் பட்டன்கள், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். வைஃபை மட்டும் தெரியவில்லையா? பிராட்காம் சிப்பாக இருக்கலாம். போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் ஆன் செய்து, மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் டிரைவரை அதுவே தேடித் தரும்.

512 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுதான். விண்டோஸ் 11 இருக்கட்டும், பக்கத்திலேயே மின்ட்டும் வேண்டும். டேட்டா போய்விடுமோ என்று பயம்.
– பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

பயம் நியாயமானது. ஆனால் டேட்டாவை இழப்பவர்கள் பெரும்பாலும் லினக்ஸ் நிறுவும்போது இழப்பதில்லை. அதற்கு முந்தைய வேலைகளைத் தாண்டிக் குதிப்பதால்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்கில் நகல் எடுத்துவிட்டு, முதலில் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரைப் பாருங்கள். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களில் நீங்கள் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் (கம்ப்யூட்டர் துவங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புகளில்) எதையாவது மாற்றினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பூட்டை எடுத்துவிடுங்கள். அடுத்து கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் அதன் டிரைவ்களில் லினக்ஸால் எழுத முடியாது.

இடம் ஒதுக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள். சி டிரைவில் வலது கிளிக், ஷ்ரிங்க் வால்யூம். வெறும் வேலைக்கு 60 ஜிபி, கேமும் உண்டென்றால் 150-க்குக் குறையாமல். வெட்டிய இடத்தை ஃபார்மட் செய்யாமல் அப்படியே விடுங்கள். இன்ஸ்டாலரில் "விண்டோஸோடு சேர்த்து நிறுவு" என்ற தேர்வு வந்தால் அதுவே போதும். கையால் பிரிப்பவர்கள் 100 முதல் 260 எம்பி வரை இருக்கும் துவக்க ஃபைல்கள் கொண்ட சின்ன இஎஃப்ஐ பகுதியைத் தேர்ந்தெடுக்க மட்டும் வேண்டும். அதை ஃபார்மட் செய்தால் விண்டோஸ் பூட் ஆகாது.

இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டியே தெரியவில்லை என்றால் பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி என்ற டிஸ்க் நிர்வாக முறை இயங்கிக்கொண்டிருக்கலாம். நேரே ஏஎச்சிஐ என்ற சாதாரண முறைக்கு மாற்றாதீர்கள். மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் விழும். விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் சேஃப் பூட்டை டிக் செய்து ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் விண்டோஸை ஒருமுறை ஏற்றி, பிறகு டிக்கை எடுங்கள்.

லேப்டாப்பில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் காலியாக இருந்தால் இவ்வளவு பாடும் தேவையில்லை. தனி எஸ்எஸ்டியில் மின்ட்டைப் போடுவதே உத்தமம். 2024 ஆகஸ்ட்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், இரண்டையும் வைத்திருந்த பலரின் லினக்ஸைப் பூட் ஆகாமல் செய்தது. தனி டிஸ்கில் போட்டாலும் அந்த மாதிரி சிக்கல் வரலாம், ஆனால் சரிசெய்வது எளிது.

ஆர்டிஎக்ஸ் 3050 லேப்டாப். வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5, எல்டன் ரிங் விளையாடுகிறேன். லினக்ஸில் எல்லாம் ஓடுமா?
– கல்லூரி மாணவர், சென்னை

இரண்டு ஓடும், ஒன்று பாதி ஓடும், ஒன்று ஓடவே ஓடாது.

கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-க்கு அதைத் தயாரித்த வால்வ் நிறுவனமே லினக்ஸ் பதிப்பு தருகிறது. எல்டன் ரிங் புரோட்டான் என்ற மென்பொருள் வழியாக, ஆன்லைன் உட்பட ஓடும். ஜிடிஏ 5-இல் கதைப் பகுதி ஓடும். ஆன்லைனில் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளைச் சேர்த்தபின் லினக்ஸுக்குக் கதவு மூடிவிட்டது. வேலரன்ட் கிடையாது. விர்ச்சுவல் மெஷினில் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் போலிக் கம்ப்யூட்டரில்) போட்டு ஏமாற்றலாம் என்று யூடியூப்பில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காரணம் புரிந்தால் மற்ற கேம்களையும் நீங்களே எடைபோடலாம். 2018-இல் வால்வ் வெளியிட்ட புரோட்டான், விண்டோஸ் கேம் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிறது. டைரக்ட்எக்ஸ் என்ற விண்டோஸின் கிராஃபிக்ஸ் கட்டளைகள், லினக்ஸுக்கும் புரியும் வல்கனாக மாறுகின்றன. கேம் என்ற புரோகிராமுக்கு இது போதும். வேலரன்ட்டின் ஏமாற்றுத் தடுப்பான வேன்கார்டோ விண்டோஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே உட்காரும் டிரைவர். இங்கே அந்தக் கெர்னலே இல்லை, எங்கே உட்காரும்? ஈஸி ஆன்டி-சீட் என்ற இன்னொரு தடுப்பும் பேட்டில்ஐயும் 2021 முதல் புரோட்டானுக்கு வழி வைத்திருக்கின்றன. ஆனால் கேம் நிறுவனம் அதை அனுமதிக்க வேண்டும். ஃபோர்ட்நைட் அனுமதிப்பதில்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் அனுமதித்து, 2024 இறுதியில் நிறுத்திவிட்டது. பேட்டில்ஃபீல்டு 6, புதிய கால் ஆஃப் டூட்டிகளும் கிடையாது. தினமும் நண்பர்களோடு விளையாடுவது இவற்றில் ஒன்றென்றால் விண்டோஸை அழிக்காதீர்கள்.

மற்ற கேம்களைப் புரோட்டான்டிபி தளத்தில் தேடுங்கள். பிளாட்டினம், கோல்டு என்ற பதக்கத்தோடு நிறுத்தாமல், உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர் கடந்த சில மாதங்களில் என்ன எழுதியிருக்கிறார் என்று படியுங்கள். ஆன்லைன் கேம் என்றால் 'ஆர் வீ ஆன்டி-சீட் யெட்' தளத்தையும் பாருங்கள்.

மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் ஸ்டீம் (வால்வின் கேம் கடை) இரண்டு விதமாகத் தெரியும். ஃபிளாட்பேக் என்ற தனிப் பொதி வடிவம் அல்லாத சிஸ்டம் பேக்கேஜையே எடுங்கள். வேறு டிரைவில் கேம் வைப்பதற்கும் கன்ட்ரோலருக்கும் அதில் தொல்லை குறைவு. கேம் திறக்கவில்லை என்றால் அதன் ப்ராபர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதிக்குப் போய் புரோட்டான் எக்ஸ்பெரிமென்டலைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் மக்கர் செய்தால் புரோட்டான்அப்-க்யூடி வழியாக ஜிஇ-புரோட்டான் என்ற மாற்றுப் பதிப்பு. முதல் முறை "வல்கன் ஷேடர்" தயாராகிறது என்று பட்டை ஓடும். பொறுமையில்லாமல் ஸ்கிப் அழுத்தினால் விளையாட்டின் நடுவே திக்கித் திக்கி நிற்கும். எபிக், ஜிஓஜி கேம்களுக்கு ஹீரோயிக் லாஞ்சர்.

இன்னொன்று: டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் என்விடியா கார்டுகள் விண்டோஸைவிடக் குறைந்த ஃபிரேம் தருவது உண்டு. ஏஎம்டி கார்டுகளில் இந்த இடைவெளி பெரிதாகத் தெரியாது.

விண்டோஸில் டி டிரைவில் இருந்த ஸ்டீம் கேம்களையே மின்ட்டிலும் காட்டினேன். லிஸ்ட்டில் தெரிகிறது, பிளே அழுத்தினால் பச்சை பட்டன் மாறி, உடனே பழையபடி ஆகிவிடுகிறது.
– மதுரை வாசகர்

அந்த டிரைவ் என்டிஎஃப்எஸ், அதாவது விண்டோஸின் ஃபைல் அமைப்பு. புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் கம்பாட்டேட்டா என்ற ஃபோல்டரில் ஒரு போலி விண்டோஸைக் கட்டும்; அதற்குள் "சி:" என்று முக்காற்புள்ளியோடு பெயர் வைத்த இணைப்புகள் இருக்கும். விண்டோஸில் ஃபைல் பெயரில் முக்காற்புள்ளி வரவே கூடாது. அதனால் சிலசமயம் கட்டவே முடியாது. கட்டினாலும், விண்டோஸ் அடுத்து அந்த டிரைவைப் பரிசோதிக்கும்போது பிழை என்று திருத்தப் பார்க்கும்.

மறுபடி டவுன்லோடு வேண்டாம். லினக்ஸின் ஃபைல் அமைப்பான இஎக்ஸ்டி4 பகுதியில் புதிய ஸ்டீம் லைப்ரரி ஒன்றைச் சேர்த்து, பழைய ஸ்டீமேப்ஸ், காமன் ஃபோல்டருக்குள் இருக்கும் கேம் ஃபோல்டரைப் பெயர் மாற்றாமல் புதிய காமனுக்குள் நகல் எடுங்கள். பழைய லைப்ரரியை ஸ்டீமிலிருந்து நீக்கிவிட்டு இன்ஸ்டால் அழுத்தினால், இருப்பதைச் சரிபார்த்து விடுபட்டதை மட்டும் இறக்கும்.

என்விடியா டிரைவர் போட்டேன். ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வந்து போனது. இப்போது டிரைவர் வேலை செய்யவில்லை.
– திருச்சி வாசகர்

அந்த நீலத் திரைதான் விஷயம். செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டும் ஏற்றும் பாதுகாப்பு) ஆனில் இருந்தால், டிரைவர் போடும்போது மின்ட் ஒரு பாஸ்வேர்டு கேட்டிருக்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் "பெர்ஃபார்ம் மோக் மேனேஜ்மென்ட்" என்ற தலைப்போடு நீலத் திரை வந்து, பத்து விநாடிதான் காத்திருக்கும். ஏதாவது ஒரு கீயை அழுத்தி என்ரோல் மோக், கன்டினியூ, யெஸ் என்று போய், அதே பாஸ்வேர்டைத் தட்டி ரீபூட் கொடுக்க வேண்டும். நீங்கள் பிழை என்று நினைத்து விட்டுவிட்டீர்கள். சாவி பதிவாகாததால் கெர்னல் டிரைவரை ஏற்ற மறுக்கிறது.

டிரைவர் மேனேஜரில் ஓபன் சோர்ஸ் டிரைவருக்கு மாறி, மறுபடி "ரெக்கமெண்டட்" என்று குறித்திருக்கும் என்விடியாவைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். மீண்டும் பாஸ்வேர்டு கேட்டால் இம்முறை கண் எடுக்காமல் உட்காருங்கள். பயாஸில் செக்யூர் பூட்டை அணைப்பது சுலப வழி. ஆனால் விண்டோஸ் 11 பக்கத்தில் வேலரன்ட் வைத்திருந்தால் அது செக்யூர் பூட்டைக் கேட்கும். ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது.
– சேலம் வாசகர்

மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் வித்தியாசம் சரியாக 5:30. மின்ட் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையோடு "செட்-லோக்கல்-ஆர்டிசி 1" கொடுத்தால் தீர்ந்தது.

கடையில் கேனன் எல்பிபி 2900-உம் எச்பி லேசர்ஜெட் 1020-உம் இருக்கின்றன. ஓடுமா?
– ஜெராக்ஸ் கடைக்காரர், திருநெல்வேலி

எச்பி ஓடும். 1020-க்கு ஒவ்வொரு முறை பவர் கொடுக்கும்போதும் கம்ப்யூட்டர்தான் ஃபர்ம்வேரை (பிரின்டரை இயக்கும் உள் மென்பொருளை) ஏற்ற வேண்டும்; அதற்கு எச்பிலிப் மென்பொருளோடு தனி பிளகின் தேவை. பிளகின் இல்லாமல் விளக்கு எரியும், பேப்பர் வராது. எச்பிலிப் அப்டேட் ஆனபின் திடீரென நின்றால், அதே பதிப்பின் பிளகினை மறுபடி போடுங்கள்.

கேனன் 2900 தலைவலி. அது கேப்ட் என்ற தனி மொழி பேசும் பிரின்டர்; லினக்ஸ் டிரைவர் பழையது, 32 பிட் லைப்ரரிகளை நம்பியிருப்பது. வாடிக்கையாளர் நிற்கும் கடையில் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிடிஎஃப்பாக மாற்றி விண்டோஸ் மெஷினிலிருந்து அடியுங்கள்.

தமிழில் டைப் செய்ய என்ன வழி? பாமினி எழுத்துருவில் பழைய ஃபைல்களும் நிறைய உள்ளன.
– யாழ்ப்பாண வாசகி

சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் பேக்கேஜை நிறுவி, இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து வாருங்கள். ஐபஸ் ப்ரிஃபரன்ஸஸில் தமிழைச் சேர்க்கும்போது தமிழ்99, ஒலிப்புமுறை, தட்டச்சு முறையோடு உங்கள் ஊர் ரெங்கநாதன் விசைப்பலகையும் இருக்கும். விசைப்பலகைப் பட்டியலில் நேரடியாகத் தெரியும் தமிழைவிட ஐபஸ்தான் உயிர்மெய்யை ஒழுங்காகச் சேர்க்கும். பாமினி ஃபைல்களுக்கு அதன் டிடிஎஃப் ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து நிறுவினால் லிப்ரெஆஃபிஸில் எழுத்து தெரியும். ஆங்கில விசைப்பலகையை வைத்துப் பழைய பழக்கப்படியே தட்டலாம். தேடவோ இணையத்தில் போடவோ யுனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

டேலி, ஃபோட்டோஷாப், கோரல்டிரா மூன்றும் தினமும் வேண்டும். மாறலாமா?
– அச்சகத்தார், சிவகாசி

வேண்டாம். மூன்றுக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. அச்சுக்கு அனுப்பும் கோரல் ஃபைலை லினக்ஸில் ஓடும் இங்க்ஸ்கேப்பில் திறந்து, எழுத்து நகர்ந்ததா, கலர் மாறியதா என்று தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. டிசைன் மெஷின் விண்டோஸிலேயே இருக்கட்டும். பில் போடாத, பிரவுசரும் மெயிலும் மட்டும் ஓடும் பழைய மெஷின் ஒன்று இருந்தால் அதில் போடுங்கள்.