த்ரெட் லோக்கல் என்று எழுதினேன், ஆனால் தனியாகவில்லை

கேள்வி: சார், கார்டெக்ஸ் எம்4 சிப் உள்ள போர்டில், டாஸ்க் எனப்படும் பல வேலைகளை மாறி மாறி ஓட்டும் சிறு இயங்குதளமான ஃப்ரீஆர்டிஓஎஸ் ஓடுகிறது. சென்சார் படிக்க ஒரு டாஸ்க், ரேடியோவில் அனுப்ப ஒரு டாஸ்க். கடைசிப் பிழை எண்ணை வைக்கும் மாறியைச் சி மொழியின் சி11 தரத்தில் உள்ளபடி த்ரெட் லோக்கல் (ஒவ்வொரு த்ரெட்டுக்கும், இங்கே டாஸ்க்குக்கும், தனிப் பிரதி) என்று அறிவித்தேன். கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை, லிங்கரும் சொல்லவில்லை. ஆனால் சென்சார் டாஸ்க் வைத்த எண் ரேடியோ டாஸ்க்கில் தெரிகிறது. எங்கே தவறு?

பதில்: உங்கள் நிரலில் தவறு இல்லை. பெரிய ப்ராசசர்களில் ஓடும் த்ரெட்டின் தனி நினைவகம் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு ரிஜிஸ்டர் உண்டு. கார்டெக்ஸ் எம் வரிசையில் அது கிடையாது. அதனால் அந்த முகவரியை யாராவது மென்பொருளில் தர வேண்டும். பேர் மெட்டலுக்கான (பெரிய இயங்குதளம் இல்லாத சிப்புக்கான) பல ஜிசிசி கம்பைலர் தொகுப்புகள் டிஎல்எஸ் (த்ரெட் லோக்கல் ஸ்டோரேஜ்) ஆதரவை அணைத்துத்தான் கட்டப்படுகின்றன. அப்போது கம்பைலர், எமுடிஎல்எஸ் என்ற மாற்று வழிக்குப் போகிறது. த்ரெட்டே இல்லாத அமைப்பு என்று நினைத்துக் கட்டப்பட்ட நூலகம் அது. முதல் முறை கேட்கும்போது மாலாக் (நினைவகம் ஒதுக்கும் சி ஃபங்ஷன்) மூலம் ஓர் இடம் வாங்கும், அதன் பிறகு யார் கேட்டாலும் அதே இடத்தையே நீட்டும். உங்கள் இரண்டு டாஸ்க்கும் ஒரே மாறியைத்தான் எழுதிக்கொண்டிருக்கின்றன.

எனக்கும் இது நடந்திருக்கிறது. நான்கு நாள் தேடினேன். சென்சாரைத் தொடவே தொடாத டாஸ்க்கில் சென்சாரின் பிழை எண் வந்து நின்றது. டாஸ்க்கின் தற்காலிக நினைவகமான ஸ்டேக் வழிகிறது என்று நினைத்து ஒவ்வொரு ஸ்டேக்காகப் பெரிதாக்கிப் பார்த்தேன், மாற்றமே இல்லை. கடைசியில் இரண்டு டாஸ்க்கிலும் அந்த மாறியின் முகவரியை அச்சிட்டபோது இரண்டும் ஒன்றாக வந்தன. நீங்களும் இன்றே அதைச் செய்து பாருங்கள். லிங்கர் தரும் மேப் ஃபைலில் எமுடிஎல்எஸ் என்ற பெயர் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சரி, வழி என்ன? ஃப்ரீஆர்டிஓஎஸ் தானே தரும் வசதியைப் பயன்படுத்துங்கள். கான்ஃபிக் ஹெடரில் 'கான்ஃபிக் நம் த்ரெட் லோக்கல் ஸ்டோரேஜ் பாயிண்டர்ஸ்' என்று ஒரு வரி உண்டு. எழுதாமல் விட்டால் அது 0. அதை 1 ஆக்குங்கள். ஒவ்வொரு டாஸ்க்கின் டிசிபியிலும் (அந்த டாஸ்க்கின் விவரங்களை வைத்திருக்கும் ஸ்ட்ரக்ட்) ஒரு பாயிண்டருக்கு இடம் கிடைக்கும். பிழை எண், தற்காலிக பஃபர் எல்லாவற்றையும் ஒரு ஸ்ட்ரக்ட்டில் போட்டு, டாஸ்க்குக்கு ஒன்றாக ஸ்டேட்டிக்காக வைத்து, அதன் முகவரியை அந்த இடத்தில் வையுங்கள். வைக்கும் வேலையை டாஸ்க் ஃபங்ஷனின் முதல் வரியிலேயே, எந்த டாஸ்க் என்று சொல்லும் ஹேண்டிலுக்கு நல் (வெற்று மதிப்பு; இப்போது ஓடும் டாஸ்க் என்று பொருள்) கொடுத்து முடியுங்கள். டாஸ்க்கை உருவாக்கியவர் பிறகு வைக்கலாம் என்று விட்டால், புது டாஸ்க்கின் முன்னுரிமை அதிகமாக இருக்கும்போது அது வெற்றுப் பாயிண்டரோடு ஓடத் தொடங்கிவிடும்.

ஹெடரை மாற்றினால் டிசிபியின் அளவும் மாறும். ஆகவே ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்த நூலகங்கள் அந்த ஹெடரைச் சார்ந்திருந்தால், அவற்றையும் மறுபடி கட்டுங்கள். பாதி பழையது, பாதி புதியது என்று இணைந்தால் வரும் கோளாறைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

கேள்வி: எதற்கும் இருக்கட்டும் என்று அந்த எண்ணை 5 ஆக வைத்தால் என்ன?

பதில்: நினைவகம் பெரிய பிரச்சினை இல்லை. 32 பிட் சிப்பில் ஒரு பாயிண்டர் 4 பைட். 8 டாஸ்க் இருந்தால் 5 இடங்களுக்கு 160 பைட். என் கவலை வேறு. ஆளுக்கொரு இடம் எடுக்கத் தொடங்கினால் எந்த எண் யாருடையது என்று குழம்பும். ஈனமில் (எண்களுக்குப் பெயர் வைக்கும் சி வசதி) பெயர் கொடுத்து ஒரே ஹெடரில் வையுங்கள். எல்லை தாண்டிய எண்ணைக் கொடுத்தால் ஃப்ரீஆர்டிஓஎஸ் கத்தாது. எழுதும்போது சும்மா இருக்கும், படிக்கும்போது நல் தரும். எனவே படித்த பாயிண்டரை ஒவ்வொரு முறையும் சோதியுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். டாஸ்க்கை அழித்தால் அந்தப் பாயிண்டர் காட்டும் நினைவகம் தானாக விடுவிக்கப்படாது. மாலாக் செய்திருந்தால் நீங்களே ஃப்ரீ செய்ய வேண்டும். அப்புறம், இன்டரப்ட் ரொட்டீனுக்குள்ளிருந்து நல் ஹேண்டிலோடு படிக்காதீர்கள். அந்த நேரத்தில் இன்டரப்ட் எந்த டாஸ்க்கை நிறுத்தியதோ அதன் பாயிண்டர்தான் கைக்கு வரும்.

கேள்வி: நண்பர் ஜெஃபிர் என்ற இன்னொரு சிறு இயங்குதளத்துக்கு மாறச் சொல்கிறார். அங்கே இந்தத் தொல்லை இல்லையா?

பதில்: அங்கே 'கான்ஃபிக் த்ரெட் லோக்கல் ஸ்டோரேஜ்' என்பதை இயக்கினால், டிஎல்எஸ் ஆதரவுள்ள டூல்செயினில் (கம்பைலர், லிங்கர் தொகுப்பில்) நீங்கள் முதலில் எழுதியபடியே வேலை செய்யும். ஆனால் அந்தத் தனி நினைவகம் ஒவ்வொரு த்ரெட்டின் ஸ்டேக்கிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. இறுக்கமாக அளந்த ஸ்டேக் இருந்தால் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். இந்த ஒரு மாறிக்காக மட்டும் மாற வேண்டாம்.