எலிக்குச் சீனி குறைஞ்சா உம்மாக்கும் குறையுமா?

கேள்வி: டொக்டர், உம்மாக்கு கனகாலமா சீனி வருத்தம், கிளினிக்ல மெட்போர்மினும் கிளிக்லசைட்டும் குடுக்காங்க. இப்ப மாமி ஒரு மூலிகைப் பவுடர் கொண்டு வந்து, லேப்ல எலிகளுக்குச் சீனி பாதியாக் குறைஞ்சிட்டாம், கென்சர் செல்லும் குறைஞ்சதாம் எண்டு வட்ஸ்அப்ல வந்த ஒரு ஆய்வையும் காட்டினா. உம்மா குளிசைய நிப்பாட்டப் போறன் எண்டு நிக்கிறா. என்ன செய்ய?
- வாசகி, சாய்ந்தமருது

பதில்: தங்கச்சி, முதல்ல குளிசைய நிப்பாட்ட விடாதீங்க, மத்ததெல்லாம் பொறகு.

அந்த ஆய்வு பொய் எண்டு நான் சொல்ல வரல்ல, எலிக்கு உண்மையாவே குறைஞ்சிருக்கலாம். ஆனா அந்த எலிக்கு வருத்தம் எப்பிடி வந்த எண்டு பாருங்க. இப்பிடியான ஆய்வுகள்ல அநேகமா ஸ்ட்ரெப்டோசோட்டோசின் எண்டு ஒரு மருந்த ஊசியில ஏத்தி, சதையியில இன்சுலின் சுரக்கிற செல்லுகள அழிச்சுத்தான் எலிக்குச் சீனி வருத்தத்த வர வைக்கிற. நம்மட ஆக்கள்ல கூடப் பேருக்கு இருக்கிறது ரெண்டாம் வகை, அதுல இன்சுலின் இருக்கும், உடம்பு அதுக்கு ஒழுங்காக் கேக்காது. ரெண்டும் ஒண்டில்ல.

அடுத்தது அளவு. எலிக்கு கிலோவுக்கு 500 மில்லிகிராம் குடுத்தாங்க எண்டு வைங்க, மனிசருக்குக் கணக்குப் பாக்கக்குள்ள அத கிட்டத்தட்ட 6ஆல பிரிக்கணும், 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் அளவு வரும், அதுவும் வத்தவெச்சு எடுத்த சாரம், சும்மா அரைச்ச இலை இல்ல. மாமிட கரண்டிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

கென்சர் செல் குறைஞ்ச கதைய நம்பி ஒரு முடிவும் எடுக்காதீங்க. தட்டுல வளக்கிற செல்லுக்கு ஒரு மஞ்சள் சாயம் போட்டா உயிரோட இருக்கிற செல் அத ஊதாவா மாத்தும், ஊதா குறைஞ்சா செல் குறைஞ்ச எண்டு எழுதுவாங்க. சவக்காரத் தண்ணி ஊத்தினாலும் அந்த ஊதா குறையும்!

மூலிகை எல்லாம் வீண் எண்டு இல்ல. கொத்தல ஹிம்புட்டு எண்ட மூலிகைட மரக் கோப்பையில ராவைக்குத் தண்ணி வெச்சு விடியக் குடிக்கிற பழக்கம் நம்மட நாட்டுல எவ்வளவு காலமா இருக்கு. அதுல இருந்து சலசினோல் எண்ட பொருள ஜப்பான்காரங்க பிரிச்சு எடுத்து 1997ல எழுதினாங்க, குடல்ல மாப்பொருளச் சீனியா உடைக்கிற நொதியத்த அது தடுக்கும். அதோட நிக்காம இலங்கையில 51 நோயாளிகளுக்கு 3 மாசம் கொத்தல ஹிம்புட்டு சேர்த்த தேயிலையும் 3 மாசம் சாதாரணத் தேயிலையும் எது எண்டு சொல்லாமக் குடுத்துப் பாத்தாங்க, 2005ல முடிவு வெளிவந்த. மூணு மாசச் சீனி காட்டுற டெஸ்ட் சாதாரணத் தேயிலையோட 6.65 வீதம், மூலிகையோட 6.29 வீதம். குறைஞ்சதுதான், ஆனா பாதியா இல்ல. மாமிட பவுடருக்கு இப்பிடி மனிசர்ல செஞ்ச ஆய்வு இருக்கா எண்டு கேளுங்க.

ஒண்டு கவனம். கிளிக்லசைட் போடுறவங்க அதுக்கு மேல சீனி குறைக்கிற வேற ஏதும் எடுத்தா சீனி அளவுக்கு மீறி இறங்கி வேர்த்து, கை நடுங்கி, மயங்கவும் கூடும். அடுத்த கிளினிக்குக்கு பக்கட்டயும் கொண்டு போங்க, அதுல என்ன செடி, எவ்வளவு எண்டு எழுதியில்லாட்டி உம்மாக்கு குடுக்கவே வேணாம்.