படித்துக் காட்டினீர்களா?

அன்புள்ள ஐயா,

புதுச்சேரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் பிரான்சுக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்கிறார்கள். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அவர்கள் தமிழில் சொல்வதை ஏஐயிடம் கொடுத்து, அது தரும் பிரெஞ்சுக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி அனுப்புகிறேன். ஏஐ எழுதியது என்பதை அலுவலகத்துக்குச் சொல்லாமல் விடுவது நேர்மையா? நம் மரியாதை வழக்கமெல்லாம் அதற்குப் புரியுமா?

ர.

அன்புள்ள ர.,

துணைக்கு ஆளில்லாமல் கடைப்படி ஏறி வரும் முதியவர்களுக்கு நீங்கள் செய்வது பெரிய உதவி. மரியாதை பற்றிக் கவலை வேண்டாம், பிரெஞ்சுக் கடிதத்தின் பணிவான வரிகளை அது நன்றாகவே எழுதும். அலுவலகத்துக்குச் சொல்ல ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஆனால் 'கையெழுத்து வாங்கி அனுப்புகிறேன்' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்!

கொஞ்ச நாளாக நயினியப்பப் பிள்ளையின் வழக்கையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர், நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளைக்கு உறவினர். 1716-இல் இதே ஊரில் அவரைக் கைது செய்தார்கள். அவருக்கு எதிராகச் சாட்சிகள் சொன்னது தமிழில், பதிவானது பிரெஞ்சில். தங்களுக்குப் படிக்கத் தெரியாத அந்தத் தாள்களில் சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். 1717-இல் அவர் சிறையிலேயே இறந்தார். குடும்பத்தார் பிரான்சுவரை முறையிட்டு, பிறகு தீர்ப்பு ரத்தானது. செத்தவருக்கு அதனால் என்ன? அன்றைக்காவது மொழிபெயர்த்தவர் ஊரறிந்த ஆள், கூப்பிட்டு நிறுத்திக் கேட்கலாம். உங்கள் கடையில் யாரைக் கேட்பது?

ஒரு அம்மா, 'ஆஸ்பத்திரியில் இருந்ததால் லைஃப் சர்டிபிகேட் அனுப்ப முடியவில்லை' என்கிறார். இருந்தது அவரா, மகளா? தமிழில் சொல்லாமல் விடலாம், பிரெஞ்சில் விட முடியாது. ஏஐ தானாக ஒருவரைப் போட்டுவிடும். தப்பாகப் போட்டால் பென்ஷன் நிற்பது அந்த அம்மாவுக்கு. அவருக்கோ தன் பெயரில் என்ன போயிருக்கிறது என்றே தெரியாது. இதை எப்படி ஐயா உதவி என்பது?

வந்த பிரெஞ்சை வேறொரு ஏஐயிடம் கொடுத்துத் தமிழாக்குங்கள். அதை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். அவர் 'சரி' என்ற பிறகு கையெழுத்து. கீழே 'எழுத உதவியவர்' என்று உங்கள் பெயரும் போன் நம்பரும் இருக்கட்டும். சொத்து, கோர்ட் விஷயம் என்றால் ஏஐயைத் தொடாதீர்கள். பிரெஞ்சு படித்தவர்களுக்கா புதுச்சேரியில் பஞ்சம்?

அப்புறம், ஏற்கெனவே அனுப்பிய கடிதங்களின் நகலை எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போங்கள். சொன்னது ஒன்று, எழுதியது ஒன்று என்றிருந்தால் அன்றைக்கே திருத்தி வேறு கடிதம் அனுப்புங்கள். அதற்குக் காசு வாங்காதீர்கள்.