எக்ஸ்ரேயிலேயே நுரையீரல் தழும்பு தெரிகிறதே, சி.டி. ஸ்கேன் எதற்கு?

சுங்கை சிப்புட் தோட்டத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு விடாத வறட்டு இருமல் என்கிறீர்கள். தழும்பு எந்த இடத்தில், எந்த வடிவில் என்பதை வைத்துத்தான் மருந்து. எக்ஸ்ரேக்கு அந்த நுணுக்கம் போதாது.

1 மி.மீ. அளவில் நறுக்கிக் காட்டும் உயர்தெளிவு சி.டி.யில், அடிப்பகுதியில் விளிம்பையொட்டித் தேன்கூடு போலத் துளைகள் தெரிந்தால், அது காரணம் புலப்படாத நுரையீரல் தழும்பு நோயாக இருக்கலாம். 60 தாண்டிய, புகைபிடித்த ஆண்களுக்கே அதிகம். இதற்கு நீண்டகால ஸ்டீராய்டு கொடுப்பதில்லை. பிர்ஃபெனிடோன், நின்டெடனிப் என்ற மருந்துகள் இரண்டும் தழும்பு பரவுவதைத் தாமதப்படுத்தும்; இருப்பதை அழிக்காது.

மூச்சை வெளிவிட்டு எடுத்த சி.டி. படத்தில் காற்று திட்டுத்திட்டாகத் தங்கினால், பறவைத் தூசி போன்றவற்றை மூச்சில் இழுப்பதால் வரும் ஒவ்வாமை வகையைச் சந்தேகிப்பார்கள். வீட்டுக்குப் பின்னால் புறாக்கூண்டு இருக்கிறதா? அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள் (அவர் கேட்க மறந்தாலும்). கூண்டு அங்கேயே இருந்தால் மாத்திரை மட்டும் பலிக்காது. மூட்டுவாத நோயாலும் நுரையீரலில் தழும்பு வரலாம்; காலையில் விரல்மூட்டு விறைத்தால் அதற்கான இரத்தப் பரிசோதனையும் தேவை.