பட்டை கேப்சூல் இருக்க, மாத்திரை எதற்கு?

கேள்வி: எனக்கு 52 வயது. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 162 இருக்கிறது என்று டாக்டர் ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கை கால் வலிக்கும் என்று பலர் சொன்னதால் பயந்து அதைத் தொடவே இல்லை. மூன்று மாதமாக லவங்கப்பட்டை கேப்சூல் தினம் நான்கு சாப்பிடுகிறேன். இயற்கையானதுதானே, இதயத்துக்கு இது போதாதா?

பதில்: போதாது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் இந்த மூன்று மாதமும் உங்கள் எல்.டி.எல். அநேகமாக அதே இடத்தில்தான் நின்றிருக்கும்.

பட்டை மேல் உங்களுக்கு இருக்கும் நம்பிக்கை ஒன்றுமில்லாததிலிருந்து வந்ததல்ல. 2003-ல் பாகிஸ்தானில் சர்க்கரை நோயாளிகள் 60 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 40 நாள் பட்டை சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரையும் கொழுப்பும் நன்றாகவே குறைந்தன. அந்தச் செய்திதான் இன்று வரை சுற்றிக்கொண்டிருக்கிறது. 2006-ல் நெதர்லாந்தில் தினம் ஒன்றரை கிராம் வீதம் ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தபோது எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்பது மட்டும் யார் காதுக்கும் எட்டவில்லை. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் ஆளுக்கொரு பக்கம்தான் இழுக்கின்றன.

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது 2022-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு. உங்களைப் போலவே 40 வயது தாண்டிய, இதுவரை இதய நோய் வராத ஆட்கள். சிலருக்கு ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மாத்திரை வெறும் 5 மில்லிகிராம், மற்றவர்களுக்குப் பட்டை, பூண்டு, மஞ்சள், மீன் எண்ணெய் என்று ஆளுக்கு ஒன்று, சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. 28 நாளில் ஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கு எல்.டி.எல். சராசரியாக 38 சதவீதம் குறைந்தது, பட்டைக்கும் வெற்று மாத்திரைக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. உங்கள் 162-ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள், 38 சதவீதம் என்றால் நூறு பக்கம் வந்திருக்கும்.

சரி, பட்டையால் கெடுதல் இல்லையே என்பீர்கள். அது எந்தப் பட்டை என்பதைப் பொறுத்தது. இலங்கைப் பட்டை காகிதச் சுருள் மாதிரி மெல்லிய அடுக்குகளாக இருக்கும், விரலால் நசுக்கினாலே நொறுங்கும். கேசியா என்ற இன்னொரு வகைப் பட்டை தடிப்பாக, ஒரே ஓடாக, கட்டை போல இருக்கும். இந்தக் கேசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம், அளவு மீறினால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். தினமும் எடுத்துக்கொள்ள ஐரோப்பாவில் வகுத்திருக்கும் வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், அதாவது 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிகிராம். கேசியாப் பொடி இரண்டு கிராமிலேயே அந்த அளவு வந்துவிடலாம். 500 மில்லிகிராம் கேப்சூல் நான்கு என்றால் சரியாக இரண்டு கிராம். பொடியாக்கி அடைத்துவிட்டால் எது எந்தப் பட்டை என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, பாட்டிலிலும் பெரும்பாலும் வெறும் 'சினமன்' என்றுதான் போட்டிருக்கும்.

சமையலில் போடும் துண்டுப் பட்டையை நான் சொல்லவில்லை, அதைத் தாராளமாகப் போடுங்கள்.

அப்புறம் அந்த வலி பயம். ஸ்டாட்டினால் தசை வலி வருவது உண்டுதான், ஆனால் மாத்திரை எது என்று தெரியாமல் கொடுத்துப் பார்த்தபோது வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வலி என்றார்கள். நிஜமாகவே வலித்தால் டாக்டர் அளவைக் குறைப்பார், இல்லையென்றால் வேறு மாத்திரைக்கு மாற்றுவார். கேப்சூலை நிறுத்திவிட்டு, அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே அவரைப் போய்ப் பாருங்கள், மாத்திரையைத் தொடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கொழுப்போடு சேர்த்துக் கல்லீரல் பரிசோதனையும் செய்துகொள்ளலாமா என்று கேளுங்கள். சர்க்கரைக்கு மருந்தோ, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரையோ எடுப்பவராக இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.